ஆர்கானிக் வைனிலும் சல்ஃபைட் இருக்கும்

‘ஆர்கானிக் வைன் என்றால் சல்ஃபைட் துளியும் இருக்காது, லேபிளில் போட்டிருந்தால் ஏமாற்று’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறுங்க. சல்ஃபைட் என்பது வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மம்; ஆனால் சேர்க்காவிட்டாலும், திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே ஐரோப்பாவில் லேபிளில் சொல்லியாக வேண்டும். அங்கே இனிப்பில்லாத சாதாரண சிவப்பு வைனில் மொத்தம் 150 வரை இருக்கலாம், ஆர்கானிக்கில் 100 வரை. நேச்சுரல் வைன் (முடிந்தவரை எதையும் சேர்க்காமல் செய்வது) என்பது இன்னும் ஒரு படி மேலே: பிரான்சில் 2020-இல் வந்த ‘வின் மெத்தோட் நத்யூர்’ முத்திரைக்கு 30-க்குள் அடங்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

நேச்சுரல் வைன் பாட்டிலின் அடியில் வண்டல் இருந்தால் கெட்டுப்போனது என்பதும் சரியில்லை. வடிகட்டாததால் ஈஸ்ட் அப்படியே தங்குகிறது. பிரான்சிலிருந்து சித்தப்பா புதுச்சேரிக்குக் கொண்டுவந்த பாட்டிலும் இளநீர் வழுக்கையைக் கரைத்தது போல் கலங்கலாகத்தான் இருந்தது, வாசனை அருமை. ஆனால் பாதி மிச்சத்தை மே மாத வெயிலில் சமையலறை மேடையிலேயே விட்டுவிட்டோம். நாலாம் நாள் திறந்தால் காடி நெடி! சல்ஃபைட் குறைந்தால் காப்பும் குறையும், திறந்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அப்புறம், ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்ஃபைட் மூச்சிரைப்பைத் தூண்டும். ‘ஆர்கானிக்’ என்ற சொல்லை மட்டும் நம்பி அவர்கள் குடித்துவிடக் கூடாது.