வெள்ளை பெல்ட்டுக்கு இடமில்லையாம்

சனிக்கிழமை காலை நம் பல்கலைக்கழக உள்விளையாட்டு அரங்கில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் கிளப்புக்குப் பெயர் கொடுத்த முதலாண்டு மாணவர்களில் முன்பயிற்சி இல்லாதவர்களைத் தனியே நிறுத்தி, "போட்டி நெருங்குகிறது, அடிப்படை சொல்லித்தர நேரமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பழைய மாணவன் என்ற முறையில், உதைத்துப் பழகுபவர்களுக்குப் பேட் (உதை வாங்கும் மெத்தைப் பலகை) பிடிக்கப் போயிருந்த நான் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேட் விரிப்பின் ஓரத்தில் காத்திருந்த ஒரு பெண், "சரிங்க சார்" என்று சொல்லித் திரும்பிப் போனாள். அந்தச் "சரிங்க" இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

கற்றவர்களுக்கு மட்டும்தான் இடம் என்றால் அது கிளப் அல்ல, அணி. அணி என்றே பலகை வைத்துவிடுங்கள்.

நான் சேர்ந்தபோது எனக்கு வயது 19. காங்கேயம் பக்கத்துக் கிராமம். விளையாட்டு என்றால் கபடிதான். அப்பா விசைத்தறி ஓட்டிய வாரக் கூலியிலிருந்து உடுப்புக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார். முதல் நாள் ஒரு சீனியர் அக்கா பெல்ட் கட்டச் சொல்லிக்கொடுத்தார். வயிற்றில் வைத்து இரண்டு சுற்று, பிறகு முடிச்சு. தொங்கும் இரு நுனிகளும் ஒரே நீளம் இருக்க வேண்டும். நான்கு முறை அவிழ்த்தேன். அந்த அக்கா ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. டோல்யோ சாகி என்ற சுழல் உதை உதைக்கும்போது ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அது திரும்பப் பழகுவதற்குள் பாதத்தில் தோல் உரிந்துவிட்டது. ஊருக்குப் போனபோது அம்மிச்சி விளக்கெண்ணெய் தடவிவிட்டபடி, "விட்டுராதே கண்ணு" என்றார். பள்ளிக்கூடமே பார்க்காத அம்மிச்சிக்கு இருந்த மனசு இது.

"இது ஒலிம்பிக் விளையாட்டு, 2000 சிட்னியிலிருந்து பதக்கப் பட்டியலில் இருக்கிறது, பொழுதுபோக்கு அல்ல" என்று ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார். தெரியும் ஐயா. பத்தாம் கெப் என்ற முதல் படியான வெள்ளை பெல்ட்டில் தொடங்கி, தேகுக் பூம்சே எனும் எட்டு அசைவுத் தொடர்களையும் ஒவ்வொன்றாகக் கடந்துதான் கறுப்பு பெல்ட் என்பதும் தெரியும். வெள்ளைக்கு அர்த்தமே 'இன்னும் எதுவும் அறியாதவர்' என்பதுதான். அறியாதவர் வரக்கூடாது என்றால் அந்த நிறம் எதற்கு?

காயம் படும் என்கிறார்கள். எங்களை ஆறு மாதம் பேட்களை மட்டும்தான் உதைக்கவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாஸ்டர் ஒருவர்தான், நேரம் போதாது என்பதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வழி, சீனியர்களிடம் புதியவர்களை ஒப்படைப்பது. எனக்குக் கற்றுத்தந்தது மாஸ்டரா? அந்த அக்கா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. ஆறு வயதில் வகுப்பில் சேர்த்துவிட, மாலையில் காரில் கூட்டிப்போக, கோயம்புத்தூரில் ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் பதினெட்டு வயதில் கறுப்பு பெல்ட் இருக்கும். சோமனூரிலோ சென்னிமலையிலோ தறிச் சத்தத்துக்குள் படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு முதல் மேட் விரிப்பே இங்கேதான் கிடைக்கும். "இந்த வயதில் என்ன தொடங்கப் போகிறீர்கள்" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு என் முகத்திலும்தான் விழுந்தது.

வரும் சனிக்கிழமையிலிருந்து காலை ஆறு மணிக்கு, மைதானத்து வேப்பமரத்தடியில் இரண்டு பேட்களோடு இருப்பேன். மேட் கிடையாது, மண் தரைதான். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவள் வகுப்பில் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் சொல்லுங்கள். என் பழைய வெள்ளை பெல்ட்டை பீரோவிலிருந்து தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.