நான்கு நோய் வந்தவர் குற்றவாளி அல்ல

தண்டையார்பேட்டை முகாமில் அந்தப் பெரியவர் பேசிய காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரே ஆள் சுகர், பிபி, மூட்டுவலி, வீசிங் என்று நான்கு சீட்டோடு வந்து நிற்பதற்கு வாயைக் கட்டாததுதான் காரணம் என்று அவர் சொன்னதையும் முன்வரிசை சிரித்ததையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். நம் வடசென்னைக்காரர்களே அதைப் பகிர்ந்து, ‘உண்மைதானே’ என்று எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஓர் உடம்பில் நான்கு நோய்கள் இருப்பது ஒழுக்கக்கேடு அல்ல. அந்த நான்கையும் ஒருசேரப் பார்க்க ஆளில்லாததுதான் கேடு.

கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் அம்மாவுக்கு அந்த நான்கும் உண்டு. போதாததற்கு இப்போது சிறுநீரகமும். மூச்சிரைப்பு முற்றியபோது ஓரிடத்தில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அது சர்க்கரையை ஏற்றும். அடுத்த வாரம் சர்க்கரைக்குப் பார்க்கும் இடத்தில், இனிப்பு தின்றீர்களா என்று எல்லோர் முன்னிலையிலும் அதட்டினார்கள். அம்மா பதில் சொல்லவில்லை, நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முழங்காலுக்கு எழுதிய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையை நெடுநாள் விழுங்கிய பிறகு, சிறுநீரக மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, யார் இதைக் கொடுத்தது என்று அம்மாவிடமே கேட்டார். கீரை நிறையச் சாப்பிடுங்கள் என்கிறது ஒரு சீட்டு. பொட்டாசியம் ஏறும், கீரையைக் குறையுங்கள் என்கிறது இன்னொன்று. இதில் எந்த வாயை எங்கே கட்டுவது?

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும் 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றும் மதிப்பிட்டது. செய்திகளில் இரண்டையும் இரு வேறு கூட்டங்கள் போலப் படித்துவிட்டுக் கடந்தோம். என் அம்மாவைப் போன்றவர்கள் இரண்டு கூட்டத்திலும் நிற்கிறார்கள்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2021 முதல் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மாத்திரை வருவது வேறு, எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகப் பரப்பி வைத்து எதை நிறுத்தலாம் என்று ஒருவர் பார்ப்பது வேறு. அரசு மருத்துவர்களைக் குறை சொல்கிறாயா என்று கேட்பவர்கள், ஒரு நாள் காலை ஓபி வரிசையில் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும். அந்தக் கூட்டத்தில் மருத்துவர்களுக்கும் நேரமில்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.

உணவும் நடையும் முக்கியம் இல்லையா? முக்கியம்தான், யார் மறுத்தார்கள்? கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் பெரியவர் ஒரு வாரம் நடந்து காட்டட்டும்.

2012இல் லான்செட் இதழில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று, சுமார் 17.5 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தது. இப்படிப் பல நாள்பட்ட நோய்கள் சேர்ந்து வருவது, வசதியானவர்களைவிட மிக வறிய பகுதிகளில் வாழ்வோருக்கு 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது என்று அது கண்டது. அங்கேயும் பிரியாணிக் கடைகள் அதிகம் போலிருக்கிறது.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இந்தப் பக்கம், அவற்றால் வரும் வசதி ஊர் முழுவதற்கும். நோய்க்கான பழி மட்டும் எங்கள் நாக்குக்கு. அன்றிரவு ஓடியவர்களிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருப்பீர்களோ?

கருத்துப் பெட்டியில் வெந்தயம், பாகற்காய்ச் சாறு, வாழைத்தண்டு என்று எழுதத் தயாராக இருக்கும் அன்பர்களே, முதலில் அம்மாவின் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.