ராஜா படத்தில் யார் இல்லை என்று பாருங்கள்

பழைய ராஜாக்களின் படத்தைப் பெரிதாக்கி, மோதிரத்துக்கு இது அர்த்தம், காலடியில் கிடக்கிற நாய்க்கு இது அர்த்தம் என்று விளக்குகிற வீடியோக்கள் இப்போது வரிசையாக வருகின்றன. என் அக்கா மகனுக்கு அதில் பெரிய பிரியம். போன வாரம் கேட்டான்: “மாமா, நம்ம பத்மநாபபுரம் கொட்டாரத்துலயும் இப்படி ஏதாவது ஒளிச்சு வச்சிருப்பாங்களா?”

கொட்டாரம் என்றால் அரண்மனை; திருவிதாங்கூர் ராஜாக்கள் நம்ம குமரியில் கட்டியது. ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மோதிரத்தில் தேடினால் அது அகப்படாது. திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இதில் யார் இல்லை என்பதைத்தான். அதற்கு மருமக்கத்தாயம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ராஜாவுக்குப் பிறகு பட்டம் அவர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். “அந்தக் கணக்குல என் நாற்காலி என் மகனுக்கு இல்லடே, உனக்குத்தான்” என்றேன் அவனிடம். ராஜாவின் மனைவி ராணி கிடையாது, அம்மச்சி. பிள்ளைகள் தம்பி, தங்கச்சி என்ற பட்டத்தோடு நின்றுவிடுவார்கள். ராணி என்று படத்தில் இருப்பவர் ராஜாவின் சகோதரியாக இருப்பார், அல்லது சகோதரியின் மகளாக.

ஒருமுறை என் அத்தையைக் கொட்டாரம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தோம். படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்துவிட்டு, “ஏன் மக்களே, இந்த ராஜாமாருக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளையே கெடையாதா?” என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவிதாங்கூர் வரலாற்றின் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அங்கே எல்லாரும் போட்டோ எடுக்கிற படம் ஒன்று உண்டு. 1741 குளச்சல் போரில் தோற்ற டச்சு அதிகாரி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைகிற காட்சி. பெருமைப்பட வேண்டிய போர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படம் ஒரு நாளோடு நின்றுவிடுகிறது. சரணடைந்த அதே மனிதர்தான் பிறகு திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்று பெயரெடுத்து, 1777இல் செத்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். அவரோடு பழகி 1745இல் கிறிஸ்தவரான அரண்மனை ஊழியர் நீலகண்ட பிள்ளையை, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர்தான் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே ராஜாவின் ஆட்கள். வெற்றிப் படத்தில் ஒருவர் இருக்கிறார், மற்றவருக்கு அதில் இடமில்லை.

அதைவிடப் பெரிய விடுபடல் தம்பிமார். 1729இல் ராஜா ராம வர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். இறந்த ராஜாவின் பிள்ளைகளான வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் எங்களுக்கே உரிமை என்று கிளம்பினார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்கள் அவர்கள் பக்கம். இளவரசராக இருந்தபோதே மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குப் பயந்து ஒளிந்த பலாமரம் என்று நெய்யாற்றின்கரைக் கோயிலில் அம்மச்சிப் பிலாவை இன்றும் காட்டுகிறார்கள். கடைசியில் தம்பிமார் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமார் ஒழிக்கப்பட்டார்கள். பாடநூலில் இது நான்கு வரி: கலகம் அடக்கப்பட்டது, நவீன திருவிதாங்கூர் உருவானது.

நம்ம ஊர் வில்லுப்பாட்டுக்காரர்கள் அந்த நான்கு வரியை ஏற்கவில்லை. தம்பிமார் கதையை ஒரு கோயில் கொடைவிழாவில் விடிய விடியக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதில் ராஜா நாயகன் இல்லை. தங்கச்சியை ராஜா பெண் கேட்கிறார். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் உண்டா என்று அண்ணன்மார் கேட்கிறார்கள். அங்கே பகை முற்றுகிறது. நாகர்கோவில் அரண்மனைக்குள் நடக்கிற கொலையைப் பாடும்போது புலவர் வீசுகோலை வேகமாக இறக்குவார், வில்லில் கட்டிய மணிகள் குலுங்கிக்கொண்டே இருக்கும், குடக்காரர் மூச்சுவிட நேரமில்லாமல் தட்டுவார். தங்கச்சி அழுகிற இடம் வந்ததும் எல்லாம் இறங்கிவிடும். குடம் மட்டும் மெதுவாக. பின்பாட்டுக்காரர் “ஆமா” போடுவதுகூட அடங்கிய குரலில்தான். எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ராஜா கொன்றவர்களைச் சனங்கள் தெய்வமாக்கிப் படையல் போடுகிறார்கள். ராஜா சட்டம் அமலில் இருந்த காலத்திலேயே இதைப் பாடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

நடந்தது எல்லாம் பாட்டில் உள்ளபடியேதானா என்று கேட்பீர்கள். பாட்டு ஒரு கட்சி, படமும் ஒரு கட்சி. ஒரு கட்சியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, மற்றதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

ஓவியர் ரவிவர்மாவின் படங்களையும் இப்படிப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். அவரே அரண்மனைப் பொறாமைக்குள் வளர்ந்தவர். 1862இல் பதினான்கு வயதில் திருவனந்தபுரம் வந்தவருக்கு, எண்ணெய் வண்ணம் தெரிந்த ராமசாமி நாயக்கர் சொல்லிக்கொடுக்க மறுத்தார். நாயக்கரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக வந்து கற்றுத் தந்தார் என்பது பலரும் சொல்லும் செய்தி. 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். ரவிவர்மாவை உலகத்துக்கே தெரியும். ஆறுமுகம் பிள்ளையை நாம் எத்தனை பேர் நினைக்கிறோம்?

ரவிவர்மா வரைந்தவர்களில் ராணி லட்சுமி பாயி ஒருவர், அவருடைய மனைவியின் சகோதரி. அந்த ராணியின் கணவர் கேரள வர்மா வலிய கோயித்தம்புரான் 1875இல் ராஜா ஆயில்யம் திருநாளின் கோபத்துக்கு ஆளாகி, ஆலப்புழையிலும் ஹரிப்பாட்டிலும் காவலில் கிடந்தார். 1880இல் அந்த ராஜா இறந்த பிறகுதான் விடுதலை. மருமக்கத்தாய முறையில் ராணி வேறொருவரைத் துணையாக ஏற்றிருக்கலாம். அவர் ஏற்கவில்லை. இது தெரிந்து அந்த முகத்தைப் பார்த்தால், நகையிலும் பட்டிலும் கண் நிற்காது.

1893இல் வரைந்த ‘இதோ அப்பா வருகிறார்’ படம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். குழந்தையை ஏந்தி நிற்பது ரவிவர்மாவின் மகள் மகாபிரபா. அவள் பார்வை படத்துக்கு வெளியே. வருகிற அப்பாவை நாம் பார்க்கவே முடியாது. தாய்வழிக் குடும்பத்தில் அப்பா வந்துபோகிறவர். அந்த வீட்டுப் பெண் அவருக்காக வாசலைப் பார்த்து நிற்கிறாள் என்று வரைவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. இது மருமக்கத்தாயம் ஆட்டம் காண்பதைச் சொல்கிற படம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பின்னால் நடந்ததைப் பாருங்கள். பிள்ளையில்லாத லட்சுமி பாயி 1900இல் ரவிவர்மாவின் பேத்திகள் இருவரைத் தத்தெடுத்தார். அதில் ஒருத்தி மகாபிரபாவின் மகள் சேது லட்சுமி பாயி. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்டவர். அவர் ஆட்சியில்தான், 1925இல், நாயர் குடும்பங்களின் மருமக்கத்தாயச் சொத்துரிமையை மாற்றிய சட்டம் வந்தது.

கொட்டாரம் நம்ம மண்ணில் இருக்கிறது. 1956க்குப் பிறகு குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. இரண்டு மாநிலத்துக்காரர்களிடமும் என் கோரிக்கை ஒன்றுதான். குளச்சல் போர்ப் படம் இருக்கிற கூடத்திலேயே தம்பிமார் கதையின் ஒலிப்பதிவைத் தமிழிலும் மலையாள விளக்கத்தோடும் கேட்க வையுங்கள். பாடத் தெரிந்த புலவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வருஷக் கொடையில் யார் ஊரிலாவது தம்பிமார் கதை பாடினால், தயவுசெய்து முழுசாகப் பதிவு செய்யுங்கள். இரவு எத்தனை மணி ஆனாலும் எனக்குச் சொல்லுங்கள், மைக்கோடு வருகிறேன்.