இருபது வயசுப் பையனுக்கு அஞ்சு பொண்ணுங்க

"காலேஜ் பசங்க ஒட்டுத் தாடி வெச்சுக்கிட்டு பெரிய மியூசிக்கல் எல்லாம் தொடக்கூடாது, பாக்கவே சங்கடமா இருக்கு"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாரு. கை சும்மா இருக்கல, அதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் படிச்ச வருஷம் யூனிவர்சிட்டி மியூசிக்கல் தியேட்டர் சொசைட்டில சேர்ந்தேன். பாடவும் வராது ஆடவும் வராது, அதனால மேடைக்கு வேண்டிய சாமான் செய்யற ப்ராப்ஸ் டீம்ல தள்ளிட்டாங்க. அந்த வருஷம் போட்டது 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்'. மூணு நாள் ஷோவுக்கு மூணு மாசம் ரிகர்சல். எங்க ஹீரோ டெவ்யே பால்காரர், அஞ்சு பொண்ணுக்கு அப்பா, நடிச்ச பையனுக்கு வயசு இருபது. முதல் நாளே வேர்வைல தாடி ஒரு பக்கம் பிச்சுக்கிட்டு வந்து தொங்குது, முன்வரிசைல உக்காந்திருந்த அவன் ரூம்மேட்ஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. தாடி விஷயத்துல நண்பர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

கதை தெரியாதவங்களுக்கு: 1905, ஜார் ஆட்சில ரஷ்யாவுல அனடெவ்கான்னு ஒரு யூத கிராமம். ஷோலெம் அலைக்கெம்னு ஒரு எழுத்தாளர் யித்திஷ்ல (கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசுன மொழி) எழுதின கதைங்கள வெச்சு பண்ணது. 1964ல நியூயார்க்கோட பெரிய நாடக வட்டாரமான ப்ராட்வேக்கு வந்து முதல் ஓட்டத்துலயே 3,242 ஷோ. மூத்த பொண்ணு கல்யாணத் தரகர் கொண்டு வந்த கசாப்புக்கடைக்காரர வேணாம்னுட்டு ஏழைத் தையல்காரன கட்டிக்கிறா, ரெண்டாவது புரட்சி பேசுற பையன் பின்னாடி சைபீரியா வரைக்கும் போறா, மூணாவது ஹாவா, யூதனே இல்லாத ரஷ்யப் பையனோட போயிடறா. ஸ்க்ரிப்ட் எழுதின ஜோசப் ஸ்டைன் ஒரு சம்பவம் சொல்லுவாரு, டோக்கியோல போட்டப்போ அங்க இருந்த தயாரிப்பாளர் "இது அமெரிக்காவுல புரியுதா? அப்படியே ஜப்பான் கதையாச்சே"ன்னு கேட்டாராம். முதல் ரிகர்சல்ல தரகர் பாட்டு கேட்டப்போ எனக்கும் அதேதான், அடப்பாவிகளா எங்க ஊர்க் கதையாச்சேடா இதுன்னு.

கல்யாண சீன்ல தலைல தொப்பிக்கு மேல பாட்டில் நிக்க வெச்சு ஒரு ஆட்டம் வரும். ப்ராட்வேல இத டைரக்ட் பண்ணி டான்ஸும் அமைச்ச ஜெரோம் ராபின்ஸ் நிஜ யூதக் கல்யாணங்கள்ல பாத்துட்டு வந்து அமைச்சது, காந்தம் கிடையாது, பசை கிடையாது. நாங்க கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் பாட்டில் வாங்கி, கனத்துக்கு அடில மணல் போட்டு பெயிண்ட் அடிச்சோம் (அந்த பெயிண்ட் வாசனை என் ரூம்ல ஒரு வாரம்). ரெண்டாவது நாள் ஒருத்தன் பாட்டில் விழுந்து உருண்டு நேரா மேடைக்கு முன்னாடி வாத்தியக்காரங்க உக்கார்ற பள்ளத்துக்குள்ள போயிடுச்சு. எங்க டான்ஸ் கேப்டன் போட்ட ரூல், விழுந்தா எடுக்கக் கூடாது, ஒதுங்கி நின்னு மத்தவங்களுக்குக் கை தட்டணும். பையன் காதெல்லாம் செவந்து போயி நின்னு தட்டினான் பாருங்க, மொத்த ஹாலும் அவன்கூட சேர்ந்து தட்டுச்சு, மீதி மூணு பேரும் மூச்ச புடிச்சிட்டு முட்டி போட்டு நகர்றாங்க.

சரி, நான் சொல்ல வந்தது ஹாவா சீன். 1971ல வந்த படத்துல டெவ்யேவா வர்ற டோபோல் நடிப்ப பாத்தா கண்ணு முழுக்க அப்பா மேலதான் இருக்கும், ஐயோ பாவம் மனுஷன்னு. டெவ்யேவுக்கு எதையும் "ஒரு பக்கம் பாத்தா இப்படி, இன்னொரு பக்கம் பாத்தா அப்படி"ன்னு அலசுற பழக்கம், மூத்த ரெண்டு பொண்ணுக்கும் அப்படி அலசித்தான் இறங்கி வருவான். ஹாவா வந்து எங்கள ஏத்துக்கோங்கப்பான்னு நிக்கும்போது மட்டும் இன்னொரு பக்கமே இல்லைன்னுடுவான். எங்க பையனுக்கு அந்த வலிய காட்ட வரல, உண்மைய சொல்லிடறேன், கத்தினான், குரல் உடைஞ்சு போச்சு, அவ்ளோதான். ஆனா ஹாவாவா நடிச்ச பொண்ணுக்கு வயசு பத்தொம்பது. அவ அங்கயே நின்னா. நிஜமாவே அந்த வயசு, நிஜமாவே வீட்ட விட்டு வந்தவ. ஐயோ அப்பான்னே எனக்குத் தோணல, இவ இன்னிக்கு ராத்திரி எங்க போய் படுப்பான்னுதான் தோணுச்சு. நாடகமே அந்தப் பக்கம் சாஞ்சுடுச்சு. அம்பது வயசு நடிகர் கலக்கியிருந்தா இது நடந்திருக்காது. மேடை ஓரத்துல மறைஞ்சு நிக்கிற விங்ஸ்ல மூணு நாளும் ஒரு பயலும் போன நோண்டல. வீட்டுக்குப் போன் பண்ணி ஒரு விஷயம் சொல்லணும்னு ஆறு மாசமா தள்ளிப்போட்டுட்டு இருந்த ஆளு நான், எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

பசங்களால முடியாதுதான், பெரியவங்க வேஷம் முடியாது. பொண்ணுங்க வேஷத்த அவங்க அளவுக்கு வேற யாரு பண்ணுவா சொல்லுங்க?

ஸ்க்ரிப்ட், மியூசிக் நோட்ஸ் எல்லாம் உரிமை வெச்சிருக்க கம்பெனிகிட்ட வாடகைக்கு வாங்கறது, முடிஞ்சதும் பென்சில்ல எழுதினத அழிச்சுட்டுத்தான் திருப்பி அனுப்பணும். கடைசி ஷோ முடிஞ்ச மறுநாள் ஆளுக்கொரு ரப்பரோட தரைல உக்காந்தோம். எனக்கு வந்தது டெவ்யே காப்பி. ஹாவா சீன் பக்கத்துல டைரக்டர் பெருசா ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்தாரு, "இங்க கத்தாதே". மூணு நாளும் கத்தினான்.