பிரேக் இல்லாத வண்டி

யாழ்ப்பாணக் குருநகர் இறங்குதுறையில் போட்டைக் கட்டிவிட்டு நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடிக்க முடியவில்லை. புதிதாகப் போட் ஓட்டப் பழகும் பொடியன் ஒருத்தன், மோட்டார் சைக்கிளில் வருகிற வேகத்திலேயே துறைக்குள் வருகிறான். தம்பி, இதில் பிரேக் இல்லை! கடைசி நேரத்தில் பதறி ரிவர்சைப் போட்டால் போட் உடனே நிற்காது. பின்பக்கம் ஒருபுறம் இழுபட, முன்முனையான அணியம் பக்கத்துப் போட்டை முத்தமிடும்.

நேற்று முத்தமிட்டது என்னுடையதை. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பைபர் வெடித்து வெள்ளை நார் தெரிகிறது. "அண்ணை, காத்துத்தான் தள்ளினது" என்கிறான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தள்ளாமல் தாலாட்டவா செய்யும்? வளைந்து, காற்றுக்கு முகம் கொடுத்து மெல்ல அணைத்தால் அதே காற்றுத்தான் பிரேக். கொஞ்சம் முன்னதாக நியூட்ரலில் விட்டால் மிச்ச வேகமே துறைவரை கொண்டுவந்துவிடும்.

சரி, எஞ்சினைத் திருப்பும் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் அணியம் வலப்பக்கம் திரும்பும்; முதல் கிழமை எனக்கும் தலை சுற்றியதுதான். ஆனால் அணியத்தில் கயிற்றோடு நிற்க வேண்டிய அவன் கூட்டாளி செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்றதை மன்னிக்க மாட்டேன். கயிறு அவன் காலடியில் சுருண்டபடியே கிடந்தது. இன்னொருத்தன் மோதலைத் தடுக்கக் காலை நீட்டுகிறான். பழைய டயர் ஒன்று கட்டித் தொங்கவிட்டால் குறைந்தா போவார்கள்?

வெடிப்பை ஒட்ட ரெசினும் பைபர் துணியும் வாங்க அந்தப் பொடியனையே கடைக்கு அனுப்பினேன். இன்னும் ஆளைக் காணவில்லை. சைக்கிளை எங்கே கொண்டுபோய் மோதினானோ.