மனைவிகளோட பொழுதுபோக்கு இல்ல இது
பெண்கள் சேவை சங்கம் எல்லாமே ஆண்கள் கிளப்ல இருந்தவங்களோட மனைவிகள் பொழுதுபோக்கா ஆரம்பிச்சதுன்னு இந்தச் சங்கங்களோட வரலாறு பத்தின ஒரு கட்டுரைல ஒரே வரில முடிச்சிட்டாங்க, இத என்னால ஏத்துக்கவே முடியல. இன்னர் வீல்ங்கிற பெண்கள் சங்கம் 1924ல இங்கிலாந்து மான்செஸ்டர்ல, ரோட்டரி கிளப் ஆண்களோட வீட்டுப் பெண்கள் தொடங்கினதுதான், அது சரி, ஆனா அதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல 1919ல பஃபலோ ஊர்ல ஸோண்டா, 1921ல ஓக்லண்ட் ஊர்ல சொராப்டிமிஸ்ட்னு ரெண்டு பெண்கள் சேவை சங்கம் வந்துச்சு, ரெண்டுமே வேலை பாத்த, தொழில் நடத்துன பெண்கள் தாங்களே சேந்து ஆரம்பிச்சது. இன்னும் பின்னாடி போனா 1868ல நியூயார்க்ல எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு நடந்த விருந்துல பெண் பத்திரிகையாளர்கள ஒதுக்கினாங்கன்னு கோவப்பட்டு ஜேன் கன்னிங்ஹாம் க்ரோலிங்கிற பத்திரிகையாளர் சொரோசிஸ்னு பெண்களுக்குத் தனி கிளப்பே ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல எத்தனையோ ஊர் லைப்ரரி இந்த மாதிரி பெண்கள் கிளப் உழைச்சு வந்ததுதான். அந்தக் கட்டுரைய படிச்ச ஒருத்தர் நம்ம உள்ளூர் பெண்கள் சங்கங்களோட வரலாறுக்கு ஆதாரம் எங்கன்னு கேட்டிருக்கார், கூட்டத்துல நடந்தத எழுதி வெக்கிற பழைய மினிட்ஸ் புக்கும் வரவு செலவு நோட்டும்தாங்க ஆதாரம், நான் பாத்த ஒரு நோட்டுல பாதிப் பேர் திருமதின்னு போட்டு கணவர் பேர்லதான் பதிவாகியிருக்காங்க, அவங்களோட சொந்தப் பேரே எங்கயும் இல்ல, எனக்கு ரொம்ப வலிச்சது. பழைய உறுப்பினர்கள் இருக்கும்போதே அந்தப் பேர்கள கேட்டு எழுதி வெச்சிடுங்க.