குப்பை எண்டு சொன்ன ஐயாவுக்கு

கிளிநொச்சிக் கண்காட்சி வீடியோவை எல்லாரும் பாத்திருப்பியள், திரும்பப் போட எனக்கு விருப்பமில்லை. தான் பூட்டின பழைய மாதிரிக் கொம்பியூட்டரோடை மேசைக்குப் பின்னாலை நிண்ட பெடியனிட்டை "தம்பி, உந்தக் குப்பையை இரும்புக்காரன் என்ன விலைக்கு எடுப்பான்?" எண்டு மைக்கிலை கேட்டுச் சிரிச்ச பெரியவருக்குத்தான் இது. பேர் சொல்லேல்லை. அவருக்கு விளங்கும்.

அது குப்பை இல்லை ஐயா. அது ஸ்பெக்ட்ரம். 1982இலை இங்கிலாந்திலை சின்கிளேர் விட்ட வீட்டுக் கொம்பியூட்டர். 1986இலை அம்ஸ்ராட் எண்ட கொம்பனி வாங்கினது, 1992ஓடை தயாரிப்பை நிப்பாட்டியாச்சு. கொம்பனிக் கணக்கிலை அது செத்துப் போச்சு. ஆனா சோவியத்திலை அதைச் சாக விடேல்லை. அங்கை மேற்கு நாடுகளின்ரை தொழில்நுட்பத் தடை. ஸ்பெக்ட்ரத்துக்குள்ளை இருந்த, ஃபெரன்ரி எண்ட கொம்பனி செய்த சிப்பை வாங்க வழியில்லை. அந்த ஒரு சிப் செய்த வேலையைச் சாதாரண லொஜிக் சிப்புகளை அடுக்கிச் செய்து காட்டினாங்கள். லெனின்கிராட், பென்ரகன், ஸ்கோர்ப்பியன் எண்டு எத்தினை குளோன், அதாவது நகல் மிசின்! கிழக்கு ஜேர்மனி ஸ்பெக்ட்ரத்தின்ரை மூளையான இசட் 80 புறொசெசரையே நகலெடுத்து யூ 880 எண்டு விட்டது.

எங்களுக்கும் தடை இருந்தது, மறந்திட்டியளோ? சண்டைக் காலத்திலை பற்றறி வன்னிக்குள்ளை வராது. புதுக்குடியிருப்பிலை அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சு, என்னைப் பெடல் சுத்த விட்டு, டைனமோவிலை பிபிசி தமிழோசை கேட்டவர். எனக்குக் கை ஓய்ஞ்சா செய்தியும் ஓய்ஞ்சிடும், பிறகு ஏச்சுத்தான். அண்டைக்கு ஒருத்தரும் அதைக் குப்பை எண்டு சொல்லேல்லை. ஊரே முற்றத்திலை வந்து குந்தியிருந்து கேட்டது.

பெடியன் பூட்டினது ஹார்லிகுவின் போர்ட், அதுவும் ஸ்பெக்ட்ரத்தின்ரை ஒரு குளோன்தான். அதிலையும் ஃபெரன்ரி சிப் இல்லை, எல்லாம் கடையிலை வாங்கக்கூடிய லொஜிக் சிப்புகள். ஒவ்வொரு காலையும் தானே ஈயம் வைச்சவன். அந்தக் காலத்திலை கேம் வந்த கசற்றுக்குப் பதிலா ஃபோனிலை இருந்து சத்தத்தைக் குடுக்க, ரீவி ஓரத்திலை நீலமும் மஞ்சளுமாக் கோடு ஓடி கேம் ஏறுது. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள்ளை ஏன் ரெண்டு நிறம்தான் வரும் எண்டு கேளுங்கோ, மெமரியிலை அந்த நிறத்தை வைச்சிருக்கிற பைற் எங்கை கிடக்கெண்டு காட்டுவான். உங்கடை கையிலை இருக்கிற ஃபோனுக்குள்ளை என்ன இருக்கெண்டு நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்.

வேறை சிலரும் கேக்கினம்: "ஏஐ காலத்திலை உது என்னத்துக்கு?" ஏஐக்குக் கீழையும் பைற்தான் ஐயா. "வெளிநாட்டுக்காரற்ரை பொழுதுபோக்கு." ஓம், கிரிக்கெட்டும்தான். "ஒழுங்கான லாப்டொப் இல்லாத பிள்ளையளுக்கு உது தேவையோ?" நியாயமான கேள்வி. ஆனா கேக்கிறவையிலை ஒருத்தரும் லாப்டொப் வாங்கிக் குடுத்ததை நான் காணேல்லை.

எனக்கு நோகிறது மிசினுக்காக இல்லை. எது பெறுமதி, எதை எறியிறது எண்டு எப்பவும் வெளியிலை இருந்து வாகனத்திலை வந்திறங்கிறவைதான் எங்களுக்குச் சொல்லவேணும். பாக்கிறதுக்கு அஞ்சு நிமிசம், மாலை, ஃபோட்டோ, ஒரு பகிடி. சண்டையிலை இடம்பெயரேக்கை சாமானைக் கொண்டுபோக ஏலாமல் ரோட்டிலை விட்டிட்டு வந்த சனத்திட்டை வந்து எறியச் சொல்லித் தாறியள். பெடியன் வீட்டை போய்ச் சாப்பிடேல்லையாம்.

இசட் 80 தயாரிப்பை நிப்பாட்டிறதா அதைச் செய்த ஸைலொக் கொம்பனி 2024இலை அறிவிச்சிட்டுது. கனடா, லண்டனிலை இருக்கிற ஆக்கள், உங்கடை கராஜிலை பழைய போர்ட் ஏதும் கிடந்தா எறிய முதல் இன்பொக்ஸ் பண்ணுங்கோ. கொமென்ற்ஸிலை எனக்குப் பாடமெடுக்க வாறவையை பிளொக் பண்ணுவன், பிறகு மனவருத்தப்படக் கூடாது.